அதியமான் நாடு – 23: பாப்பாரப்பட்டிக்கு வந்த வங்காளத்து வக்கீல்

1923-ல் பாப்பாரப்பட்டி சேலம் ஜில்லாவின் ஒரு மூலை. தருமபுரி தனி மாவட்டமாக 1965 அக்டோபர் 2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற அந்த மானாவாரி பூமிக்குக் கல்கத்தாவின் பேர்பெற்ற பாரிஸ்டர் சித்தரஞ்சன் தாஸ் வந்து, பாரத மாதா ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். அலிப்பூர் குண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடி விடுவித்தவர் அவர். 1922 டிசம்பரில் கயா காங்கிரசுக்குத் தலைமை வகித்து, மறுமாதமே மோதிலால் நேருவோடு சேர்ந்து சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கியிருந்தார். அப்படிப்பட்டவரை இத்தனை தூரம் வரவழைத்தது, தொழுநோய் பற்றிய உடம்போடு ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த ஒரு சாமியார். பெயர் சுப்பிரமணிய சிவா.

சிவாவின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1884-ல் வத்தலக்குண்டில் பிறந்தார். 1908-ல் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் பக்கத்தில் நின்று பேசிய பேச்சு, கோரல் மில் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு இழுத்துவந்தது. மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்கு 10 ஆண்டும் விதித்தார். மேல்முறையீட்டில் அது இருவருக்குமே 6 ஆண்டாகக் குறைந்தது. சிவா சேலம் சிறையிலிருந்து 1912 நவம்பரில் வெளியே வந்தபோது தொழுநோயும் கூடவே வந்தது. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று சர்க்கார் தடுத்தது. மனிதர் அசரவில்லை. கட்டைவண்டியிலும் கால்நடையாகவும் தமிழ்நாட்டைச் சுற்றினார். ‘ஞானபாநு’ பத்திரிகை நடத்தினார். பாரதி அதில் எழுதினார். பிறகு காவி உடுத்தி, சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டார்.

அவர் கடைசியாகக் கால் ஊன்றிய இடம் பாப்பாரப்பட்டி. நண்பர் சின்னமுத்து முதலியாரின் துணையோடு 6 ஏக்கர் நிலம் வாங்கி, அதற்குப் பாரதபுரம் என்று பெயரிட்டார். அங்கே பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழ வேண்டும், எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்துக்காரரும் உள்ளே வந்து கும்பிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். இது எந்த வருஷத்துப் பேச்சு என்பதைக் கவனிக்க வேண்டும். வைக்கம் போராட்டம் 1924-ல்தான் தொடங்கியது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் காலெடுத்து வைத்தது 1939-ல். சிவாவின் எண்ணம் அந்த ஊருக்கும் அந்தக் காலத்துக்கும் பெரிது.

இந்தத் தாய் எங்கிருந்து வந்தாள்? நேர்வழி வங்காளம். 1905-ல், வங்கப் பிரிவினையின் கொதிப்பில், அபனீந்திரநாத் தாகூர் காவி உடுத்திய நான்கு கைப் பெண்ணாகப் பாரத மாதாவை வரைந்தார். அந்தப் படத்தை ஆயிரக்கணக்கில் அச்சடித்து நாடு முழுக்கக் குடிசை குடிசையாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று துடித்தவர் சகோதரி நிவேதிதை. பாரதி தன் ‘ஸ்வதேச கீதங்க’ளை யாருக்குக் காணிக்கையாக்கினாரோ, அதே நிவேதிதை. அவர் பிறந்தது 1867-ல், அயர்லாந்தின் வடக்கே டைரோன் கவுண்டியில் உள்ள டங்கானன் என்ற சிற்றூரில். இயற்பெயர் மார்கரெட் நோபிள். தகப்பனார் ஒரு புராட்டஸ்டண்ட் பாதிரியார். அந்த டங்கானனை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் மறுபடியும் அங்கே போகப்போகிறோம்.

நாட்டைத் தாயாகப் பாவிப்பது அயர்லாந்துக்காரர்களுக்கும் பழக்கமான விஷயம். 1902-ல் டப்ளினில் யேட்ஸும் லேடி கிரகரியும் எழுதிய நாடகம் ஒன்று மேடையேறியது. அதில் ஒரு கிழவி கல்யாண வீட்டுக்குள் வருகிறாள், தன் நிலத்தை அந்நியர் பிடுங்கிக்கொண்டதைச் சொல்கிறாள், மாப்பிள்ளைப் பையன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவள் பின்னால் போய்விடுகிறான். அந்தக் கிழவிதான் அயர்லாந்து. எழுதிய இருவரும் புராட்டஸ்டண்டுகள். அயர்லாந்துக்குச் சுயாட்சி கேட்டு லண்டன் பார்லிமெண்டையே ஸ்தம்பிக்க வைத்த பார்னெலும் புராட்டஸ்டண்ட். தன் உடம்பில் ஓடும் ரத்தத்தில் முக்கால் பங்கு ஐரிஷ் என்று சொல்லிக்கொண்ட அன்னி பெசண்ட் 1916-ல் சென்னையில் ஹோம் ரூல் லீக் தொடங்கியபோது, பெயரை அங்கிருந்துதான் எடுத்தார். தாஸின் சுயராஜ்யக் கட்சி சட்டசபைக்குள் போய் முட்டுக்கட்டை போடுவது என்று முடிவெடுத்ததிலும் பார்னெலின் பாடம் இருக்கிறது.

ஆனால் அயர்லாந்தின் தாய் எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளவில்லை. அல்லது எல்லாப் பிள்ளைகளும் அவளிடம் வரவில்லை. வடக்கே அல்ஸ்டர் பகுதியில் புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மை. ‘ஹோம் ரூல் வந்தால் ரோமாபுரி ஆட்சிதான் வரும், எங்களுக்கு ராஜாவே போதும்’ என்று 1912 செப்டம்பரில் லட்சக்கணக்கானோர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1921-ல் தீவு இரண்டானது. வடக்கே 6 கவுண்டி பிரிட்டனோடு, தெற்கே 26 கவுண்டி தனியாக. கிடைத்த விடுதலை போதுமா போதாதா என்று தெற்கே உள்ளவர்கள் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்து ஒன்றாக நின்ற தோழர்களில் 70-க்கும் மேற்பட்டவர்களைப் புதிய ஐரிஷ் அரசே நிற்கவைத்துச் சுட்டது. அந்த உள்நாட்டுப் போர் ஓய்ந்தது 1923 மே மாதம். தாஸ் பாப்பாரப்பட்டிக்கு வந்த அதே ஆண்டு.

அயர்லாந்துக்காரர்களின் கொடியைப் பாருங்கள். 1848-ல் தாமஸ் மார் என்ற வாலிபர் வாட்டர்ஃபோர்டு நகரில் ஏற்றியது. பச்சை கத்தோலிக்கருக்கு, ஆரஞ்சு புராட்டஸ்டண்டுகளுக்கு, நடுவில் வெள்ளை இருவருக்குமான சமாதானம். 1921-ல் பெஜவாடாவில் பிங்கலி வெங்கய்யா காந்தியிடம் கொடுத்து, காந்தி வெள்ளையைச் சேர்க்கச் சொன்ன கொடிக்கும் அப்படித்தான் பொருள் சொன்னார்கள்: சிவப்பு இந்துவுக்கு, பச்சை முஸ்லிமுக்கு, வெள்ளை மற்ற மதத்தாருக்கு. இரண்டு நாடும் சமாதானத்தைத் துணியில் தைத்துவிட்டு, பிற்பாடு நிலத்தைப் பிரித்துக்கொண்டன.

தாஸ் இந்த ஆபத்தைத் தெரிந்தவர் என்பது என் அபிப்பிராயம். அவர் பாப்பாரப்பட்டியில் நாட்டிய அடிக்கல்லைப் பற்றி நம்மூரில் எல்லோரும் எழுதுகிறார்கள். அதே வருஷக் கடைசியில் அவர் வங்காளத்தில் செய்த காரியத்தைச் சேர்த்துப் படிப்பவர் குறைவு. முஸ்லிம் தலைவர்களோடு உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் எழுதினார். வங்காள ஒப்பந்தம் என்று பெயர். அதில் தாய் இல்லை, கீதம் இல்லை. பத்திரம் எழுதுகிற வக்கீலின் கைதான் தெரிகிறது. சட்டசபை இடங்கள் மக்கள்தொகைப்படி. உள்ளாட்சியில், அந்தந்த மாவட்டத்தில் யார் பெரும்பான்மையோ அவர்களுக்கு 60, மற்றவருக்கு 40. சர்க்கார் உத்தியோகத்தில் 55 சதவீதம் முஸ்லிம்களுக்கு. மசூதி முன்னால் மேளதாளத்தோடு ஊர்வலம் போகக் கூடாது. மதச் சடங்குக்காக மாடு அறுப்பதைத் தடுக்கக் கூடாது. எதற்கெல்லாம் கல் எறிவார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு எழுதியது போல் இருக்கிறது.

காங்கிரஸ் அதை 1923 டிசம்பரில் காக்கிநாடாவில் நிராகரித்தது. தாஸ் விடவில்லை. 1924-ல் கல்கத்தா மாநகராட்சியில் அவர் மேயர், ஷஹீத் சுஹ்ரவர்தி துணை மேயர், நிர்வாக அதிகாரி இளம் சுபாஷ் சந்திர போஸ். ஒப்பந்தம் ஏட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்த காலம் அது. 1925 ஜூன் 16-ல் தாஸ் டார்ஜிலிங்கில் கண்ணை மூடினார். ஒப்பந்தத்தைக் காக்க ஆளில்லை. 1926 ஏப்ரலில் கல்கத்தாவில் பெரிய கலவரம் வெடித்தது. காரணம், ஒரு மசூதி முன்னால் ஊர்வலத்தின் மேளம்.

தாஸ் போய் 5 வாரம் கழித்து, ஜூலை 23-ல், பாப்பாரப்பட்டியில் சிவா இறந்தார். வயது 40. கோயில் எழவில்லை.

சிவாவைக் குறைத்துச் சொல்வதல்ல என் நோக்கம். அவருக்கு நேரமும் பணமும் இருந்ததில்லை, உடம்பும் விடவில்லை. ஆனால் எல்லோரும் ஒரு தாயின் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குள் பங்கு தகராறு தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அவர் தலைமுறையில் பலருக்கும் இருந்தது. தாஸ் பங்கைப் பற்றியே பேசினார். இருவரும் ஒரே இடத்தில் ஒரு நாள் நின்றார்கள். அதன் பிறகு தருமபுரி பின்பற்றியது சிவாவை மட்டும்தான். அதுவும் மாலை போடுகிற அளவுக்கு.

இந்த மாவட்டத்தில் ஊர் வேறு, காலனி வேறு. ஊர் என்றால் பெரும்பாலும் வன்னியர், காலனி என்றால் ஆதிதிராவிடர். இரு தரப்பிலும் காணி நிலத்துக்காரர்களும் கூலிக்காரர்களும்தான் அதிகம். மழை பொய்த்தால் இரு தரப்பும் பெங்களூருக்குத்தான் பஸ் ஏறும். 1970-களின் கடைசியில் நக்சல்பாரி இளைஞர்கள் இங்கே வந்தபோது இரண்டு தெருப் பையன்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். டீக்கடை இரட்டை டம்ளரை எதிர்த்தார்கள், கந்துவட்டியை எதிர்த்தார்கள். அவர்களுடைய வழி எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஊரையும் காலனியையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைத்த கணக்கு அவர்களுடையதுதான் என்பதை மறைக்க முடியாது. 1980-ல் தொடங்கிய போலீஸ் நடவடிக்கை அந்த இயக்கத்தைச் சிதைத்தது. நாயக்கன்கொட்டாயில் அந்த இயக்கத்தின் தலைவர்களான அப்பு, பாலன் இருவரின் சிலைகள் மட்டும் மிஞ்சின.

பிறகு ஒவ்வொரு தெருவும் தன் சங்கத்தைத் தேடிக்கொண்டது. 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர்கள் நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் 21 பேர் உயிர் போயிற்று. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் கிடைத்தது. நியாயமான கோரிக்கை, பேரம் பேசிப் பெற்ற உரிமை. மறுபக்கம் காலனிப் பிள்ளைகளும் படித்தார்கள், பெங்களூரில் கட்டட வேலை செய்து மெத்தை வீடு கட்டினார்கள், மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். ஒருவர் மேலேறுவதை மற்றவர் தன் இறக்கமாகப் பார்க்கத் தொடங்கினார்.

2012 நவம்பர் 7. ஆதிதிராவிட இளைஞர் ஒருவரும் வன்னியப் பெண் ஒருவரும் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். அன்று பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டார். அன்று மாலையே நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று காலனிகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. பீரோ உடைந்தது, நகை போயிற்று, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எரிந்தன. 2013 ஜூலை 4-ல் அந்த இளைஞர் தருமபுரியில் ரயில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார். அப்பு, பாலன் சிலைகள் நிற்கிற அதே ஊர்ப்பக்கம் இது.

இப்போது டங்கானனுக்குப் போகலாம்.

1968 ஜூனில் அதன் பக்கத்துக் கிராமமான காலிடனில் ஒரு கவுன்சில் வீடு, கல்யாணமாகாத 19 வயது புராட்டஸ்டண்ட் பெண் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டது. பிள்ளைகுட்டியோடு இருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் காத்துக் கிடந்தன. ஆஸ்டின் கரி என்ற எம்.பி. அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் தூக்கி வெளியே போட்டது. ஆகஸ்ட் 24-ல் கோலைலண்டிலிருந்து டங்கானனுக்கு வடஅயர்லாந்தின் முதல் சிவில் உரிமை ஊர்வலம் நடந்தது. வீடு, வேலை, ஓட்டு என்பவையே கோரிக்கை. அங்கே அப்போது உள்ளாட்சித் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டு இல்லை. வீட்டு வரி கட்டுகிறவர்களுக்குத்தான். வீட்டை ஒதுக்குவது கவுன்சில். ஆகவே வீடு இல்லாதவனுக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இல்லாதவனுக்கு வீடு இல்லை. 1972-ல் டெர்ரியில் ஊர்வலம் போன 13 பேரை ராணுவம் சுட்டுக் கொன்ற பிறகு, பேச்சு துப்பாக்கிக்காரர்களின் கைக்குப் போய்விட்டது. 30 ஆண்டில் சுமார் 3,500 சாவு.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளிக்கிழமை, பெல்ஃபாஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதைப் படிக்கிறபோது எனக்குத் தாஸின் ஞாபகம் வருகிறது. வடஅயர்லாந்தில் பிறந்தவர் தன்னை ஐரிஷ் என்று சொல்லிக்கொள்ளலாம், பிரிட்டிஷ் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டும் என்றும் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு பாஸ்போர்ட்டும் கிடைக்கும். முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் சம அதிகாரம் உள்ளவர்கள். ஒருவர் விலகினால் இன்னொருவரும் நாற்காலியில் இருக்க முடியாது. வடக்கும் எங்கள் நிலமே என்று தன் அரசியல் சட்டத்தில் எழுதியிருந்ததைத் தெற்கு திருத்திக்கொண்டது. மே 22-ல் ஓட்டெடுப்பு: வடக்கே 71 சதவீதம் ஆதரவு, தெற்கே 94. பிற்பாடு போலீஸ் படையையே கலைத்துக் கட்டி, 2001 முதல் 10 ஆண்டு, ஆளெடுப்பில் பாதி கத்தோலிக்கர், பாதி மற்றவர் என்று வைத்தார்கள். வீடு ஒதுக்கும் அதிகாரம் அதற்கு முன்னாலேயே, 1971-ல், உள்ளூர் கவுன்சில்களிடமிருந்து பறிக்கப்பட்டுப் பொதுவான ஒரு வாரியத்துக்குப் போயிருந்தது.

அங்கே எல்லாம் சுமுகம் என்று நினைத்துவிடக் கூடாது. பெல்ஃபாஸ்டில் இரண்டு தெருவுக்கும் நடுவே எழுப்பிய சுவர்கள் இன்றும் நிற்கின்றன. இரு மதத்துப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்கென்றே நடக்கும் பள்ளிகளில் பத்தில் ஒரு பிள்ளைகூடப் படிப்பதில்லை. அரசாங்கம் பலமுறை முடங்கியது. 2017-ல் தொடங்கி மூன்று ஆண்டு, 2022-ல் தொடங்கி இரண்டு ஆண்டு. மனசு ஒட்டவில்லை என்றே சொல்லலாம். ஆனால் ஒப்பந்தம் மனசை ஒட்டவைப்பதாக வாக்குக் கொடுக்கவுமில்லை. சாவைக் குறைத்தது.

நம்மூரிலும் கலவரம் நடந்தால் தாசில்தார் ஆபீஸில் சமாதானக் கூட்டம் போடுவார்கள். இரு தரப்பிலும் பத்துப் பேர் வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். தாளில் பெரும்பாலும் என்ன இருக்கும்? இந்தத் தெருவழியாகச் சாமி வராது, அந்த இடத்தில் பேனர் வைக்கக் கூடாது. பிரிவினை எப்படி இருந்ததோ அப்படியே அதற்கு அரசு முத்திரை. டீக்கடை, பொதுக் கிணறு, சுடுகாட்டுப் பாதை, கோயில் மரியாதை, ஊராட்சி வேலையில் பங்கு, கலப்பு மணம் செய்த பிள்ளைகளின் உயிர் ஆகியவை அந்தத் தாளுக்குள் வருவது அபூர்வம். நாயக்கன்கொட்டாய்க்குப் பிறகு நிவாரணப் பணம் வந்தது, வழக்குகள் வந்தன, விசாரணைக் கமிஷன் வந்தது. இரு தெருவும் உட்கார்ந்து தங்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரம் வரவில்லை.

எழுதவே முடியாது என்பதில்லை. மதுரைப் பக்கம் உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பிய சாதிச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் அரசு இடித்தது. அதனால் பகை தீரவில்லை. 2011-ல் இரு தரப்பும் போலீஸ் அதிகாரி முன்னிலையில் பேசி ஒப்பந்தம் செய்தார்கள். அதே நவம்பரில் தாழ்த்தப்பட்டவர்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். கசப்பு அதன் பின்னும் மிச்சம் இருந்தது. இருந்தாலும் புல்டோசர் செய்யாததைத் தாள் செய்தது.

பாப்பாரப்பட்டிக்குத் திரும்பினால், சிவா கேட்ட கட்டடம் ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்துத்தான் எழுந்தது. தமிழக அரசு கட்டிய பாரத மாதா நினைவாலயம் 2021-ல் திறக்கப்பட்டது. மறு ஆண்டே, 2022 ஆகஸ்டில், பூட்டை உடைத்துக்கொண்டு உள்ளே போய் மாலை போட்டதாக வழக்கு, பா.ஜ.க.வைச் சேர்ந்த முன்னாள் எம்.பி. ஒருவர் கைதானார். இது கோயில் என்றார்கள் பா.ஜ.க.வினர், நினைவுச் சின்னம் என்றது அரசு. எல்லாச் சாதியும் உள்ளே வந்து நிற்க வேண்டும் என்று சிவா சொன்னதைப் பற்றி அந்தச் சண்டையில் இரு தரப்புமே அதிகம் பேசவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 2012-க்குப் பிறகு நத்தத்திலோ, அண்ணா நகரிலோ, கொண்டம்பட்டியிலோ, அக்கம்பக்கத்து ஊர்களிலோ சமாதானம் பேச உட்கார்ந்தவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். எந்தத் தெருவாக இருந்தாலும் சரி. யார் யாரைக் கூப்பிட்டார்கள், என்ன கேட்டீர்கள், பேச்சு எந்த இடத்தில் முறிந்தது என்பதைச் சொல்லுங்கள். பெயர் போடாமல் இந்தத் தொடரில் வெளியிடுகிறேன்.